சின்ன ரோல்பிளே சர்வரில் சண்டை: தடையா, பேச்சா, மூவர் குழுவா, வாக்கெடுப்பா?

இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் தமிழில் ரோல்பிளே சர்வர் (ஆளுக்கொரு கேரக்டராக மாறிச் சேர்ந்து கதை எழுதுகிற இணையக் குழு) நடத்துகிற அட்மின்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். "ரெண்டு ப்ளேயருக்குள்ள சண்டை, ரெண்டு பேருமே நல்லா எழுதுறவங்க, ஒருத்தரைத் தூக்கினா அவரோட இன்னும் நாலு பேர் போயிருவாங்க, தூக்காட்டி மத்தவர் போயிருவார், என்ன செய்ய?" இருபத்தைந்து பேர் இருக்கிற சர்வரில் ஐந்து பேர் போனால் அப்புறம் கதையே ஓடாது. பெரிய கேம் கம்பனிகளின் விதிமுறைகளை அப்படியே காப்பியடித்தால் நமக்குச் சரிவராததற்குக் காரணம் இதுதான். அங்கே ஒருவரைத் தடை செய்தால் அடுத்த நிமிடம் இன்னொருவர் வந்துவிடுவார். இங்கே அந்த இடம் காலியாகவே கிடக்கும், அதோடு தடை வாங்கியவரின் அம்மாவும் உங்கள் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை ஒரே சந்தையில் நின்று மரக்கறி வாங்குவார்கள்.

நான் பேசுவது டிஸ்கோர்ட் என்ற குழு அரட்டைச் செயலியிலோ அதுமாதிரி இடத்திலோ எழுத்தில் ஆடுகிற, பாதிப் பேராவது ஒருவரையொருவர் நேரில் தெரிந்த சர்வர்களைப் பற்றி. நூற்றுக்கணக்கில் ஆள் ஏறுகிற, ஜீடிஏ வீடியோ கேமில் ஆடும் ரோல்பிளே சர்வருக்கு இதில் பாதி பொருந்தாது.

## முதலில், சண்டை யாருக்கு?

உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாமிமலைப் பக்கத்துப் பையன் ஒருவன், கோட்டைக் காவலன் கேரக்டர். எதிரே பதுளைக்காரர், வயதில் மூத்தவர், கொள்ளைக்கூட்டத் தலைவன். வாள் சண்டைக் காட்சி, பையனுடைய முறை. அந்த நேரம் பார்த்து மழை கொட்டி கரண்ட் போகிறது, கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடுகிறது. மூத்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுதுகிறார்: "காவலன் திகைத்து நிற்கிறான். என் வாள் அவன் நெஞ்சில் இறங்குகிறது. அவன் விழுந்தான், இனி எழமாட்டான்." பையன் மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஒரு வருடத்துக்கு மேலாக வளர்த்த கேரக்டர் செத்துக் கிடக்கிறது. பொதுச் சேனலில் நாலு வார்த்தை திட்டி எழுதுகிறான். மூத்தவர் பதிலுக்கு, "உன் அண்ணன்கிட்ட பேசிக்கிறேன்" என்கிறார்.

இதில் மூன்று சண்டை ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. காவலனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் நடக்கிற சண்டை கதை, அதில் அட்மின் கை வைக்கவே கூடாது. எதிராளியின் கேரக்டருக்கு என்ன ஆனது என்பதையும் தானே எழுதியது பவர் கேமிங், அது விதிப் பிரச்சினை. திட்டும் "அண்ணன்கிட்ட பேசிக்கிறேன்" என்பதும் மனிதர்களுக்குள் வந்த சண்டை. மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுக்கப் போகிற அட்மின் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இன்னொன்றும் இருக்கிறது. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முதல் மட் விளையாட்டை (பலர் ஒரே நேரத்தில் எழுத்திலேயே ஆடும் கணினி விளையாட்டு) உருவாக்கிய இருவரில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், 1996இல் ப்ளேயர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப்பார்க்க வருபவர், பழக வருபவர், மற்றவரை மடக்க வருபவர். சின்ன சர்வர் சண்டைகளில் நிறைய இந்தப் பொருத்தமின்மையால் வருபவைதான். ஜெயிக்க வந்தவரையும் கதை பேச வந்தவரையும் ஒரே காட்சியில் விட்டால் யாரும் தப்புச் செய்யாமலே இரண்டு பேரும் கடுப்பாவார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

வேகம் முதலில். சண்டை வந்த ராத்திரியே வட்ஸ்அப் குரூப்பில் ஸ்க்ரீன்ஷாட் ஓடத் தொடங்கிவிடும், ஒரு வாரம் கழித்து வருகிற தீர்ப்பைக் கேட்க ஆளிருக்காது. அடுத்து இரகசியம், அதாவது எத்தனை பேருக்கு விஷயம் தெரிய வேண்டிவருகிறது. மூன்றாவது, முடிந்த பிறகு இரண்டு பேரும் ஒரே காட்சியில் எழுத முடியுமா. நான்காவது, வயதில் சின்னவர் வாய் திறக்க முடிகிறதா. கடைசியாக, அட்மினின் நேரம். நமக்கு யாரும் சம்பளம் தருவதில்லை, நாளைக்குக் காலையில் வேலைக்கோ டியூஷனுக்கோ போக வேண்டும்.

நியாயத்தைத் தனியாகப் பட்டியலில் சேர்க்கவில்லை. எல்லா வழியிலும் நியாயமாக நடக்கலாம், எல்லா வழியிலும் நடக்காமலும் இருக்கலாம்.

## அட்மின் தனியே தீர்ப்புச் சொல்வது

விதி மீறல் தெளிவாக இருந்தால் இதைவிட வேகமான வழி கிடையாது. மேலே சொன்ன விஷயத்தில் அட்மின் எழுத வேண்டியது இரண்டே வரி: "வாள் இறங்கிய பதிவு செல்லாது. காட்சி காவலனுடைய முறைக்குத் திரும்புகிறது." அவ்வளவுதான். கூடவே ஒரு விதியும் போட்டுவிடலாம்: சண்டைக் காட்சியில் ஒருவர் பதில் தராவிட்டால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் கொல்ல முடியாது, காட்சி நிறுத்தி வைக்கப்படும். நமக்கு இந்த விதி கட்டாயம் தேவை. அட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை, பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை, ஆக வருடத்தில் பாதிக்கு மேல் யாராவது ஒருவருடைய லைன் படுத்துத்தான் இருக்கும்.

தடைக்கு வரும்போதுதான் மறைந்திருக்கிற செலவு தெரியும். டிஸ்கோர்டில் ஒருவரை பேன் பண்ணினால் கணக்கோடு அவருடைய ஐபி முகவரியும், அதாவது இணைய இணைப்பின் எண்ணும், தடைபடும். லயத்தில் ஒரே ரவுட்டரை, இல்லையென்றால் ஒரே போனின் ஹொட்ஸ்பொட்டை அண்ணனும் தம்பியும் பாவிக்கிறார்கள், அண்ணனைத் தடை செய்தபின் தம்பி புதிதாகச் சேரப் பார்த்தால் அவனும் மாட்டிக்கொள்ளலாம். அதே நேரம் திரும்பி வர வேண்டும் என்று முடிவு பண்ணினவர் டேட்டாவை மாற்றி, புது மின்னஞ்சலில் ஒரு கணக்கைத் திறந்து வந்துவிடுவார். சொந்தமாகத் தளம் வைத்து நடத்துகிறவர்களுக்கு ஐபி கண்ணில் படும், அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மொபைல் டேட்டாவில் ஒரே பொது ஐபி பல பேருக்குப் பங்கிடப்படுவது சாதாரணம். "ரெண்டு கணக்கும் ஒரே ஐபி, அப்ப ஒரே ஆள்தான்" என்று போலிக் கணக்குக் குற்றம் சாட்டி மூக்குடைபட வேண்டாம்.

சூடு ஆறத்தான் என்றால் தடை எதற்கு, டைம்அவுட் போதும். 60 விநாடியிலிருந்து ஒரு வாரம்வரை மெனுவிலேயே இருக்கிறது, ஆள் படிக்கலாம், எழுத முடியாது. எனக்குப் பிடித்தது ஒரு நாள். ஒரு வாரம் போட்டால் அவர் அந்த வாரத்தில் இன்னொரு சர்வர் தொடங்கிவிடுவார்.

ஆதாரத்தையும் உடனே எடுத்து வையுங்கள். டிஸ்கோர்டின் ஓடிட் லொக் (அட்மின்கள் செய்த மாற்றங்களின் பதிவேடு) 45 நாளைக்குத்தான் நிற்கும், அதிலும் ஒருவர் தன்னுடைய மெசேஜைத் தானே அழித்தால் அது பதிவாகாது. திட்டியவர் காலையில் எழுந்து அழித்துவிட்டு "நான் எங்க திட்டினேன்?" என்று கேட்டால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

## தனித்தனியாகப் பேசித் தீர்ப்பது

மனிதச் சண்டைக்கு நான் முதலில் கை வைப்பது இதில்தான். அதே பதுளைக்காரரிடம் அட்மின் தனியாகப் போய்ப் பேசினால் இப்படி ஒன்று வெளியே வரலாம்:

"அண்ணா, அவன் லைன் போனது உங்களுக்குத் தெரியாது, அது சரி. ஆனா விழுந்தான்னு நீங்களே எழுதலாமா?"

"நான் எவ்வளவு நேரம்டா காத்துக்கிட்டிருக்கிறது? கட்டார்ல எனக்கு ஷிப்ட் முடிஞ்சு கிடைக்கிறதே ஒரு மணித்தியாலம். அதையும் இவன் முறைக்கு வர்றதப் பார்த்துக்கிட்டே முடிக்கிறேன். மூணு கிழமையா இதே கதை."

பதிவு செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தால் இந்த மூன்று கிழமைக் கதை வெளியே வந்திருக்காது. இங்கே பிரச்சினை நேரம். கட்டார் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால், அவர் ராத்திரி ஒன்பதுக்கு உட்காரும்போது சாமிமலையில் பதினொன்றரை, பையனுக்கு மறுநாள் பள்ளிக்கூடம். இரண்டு பேரும் சனிக்கிழமை மட்டும் சண்டைக் காட்சி எழுதுவது என்று ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு "உன் அண்ணன்கிட்ட பேசிக்கிறேன்" என்றதை அவர் வாபஸ் வாங்க வேண்டும், பையன் திட்டினதை வாபஸ் வாங்க வேண்டும்.

எப்படிச் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு பேரையும் முதலிலேயே ஒரே வொய்ஸ் கோலில் சேர்க்காதீர்கள். மூத்தவர் முன்னால் சின்னவர் "பரவாயில்லண்ணா, விடுங்க" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே சத்தமில்லாமல் சர்வரை விட்டுப் போவார், சமாதானம் பண்ணி வைத்ததாக அட்மின் நினைத்துக்கொண்டிருப்பார். தனித்தனியாக, இரண்டு பேரிடமும் ஒரே மூன்று கேள்வி: என்ன நடந்தது (பதிவைத் திறந்து காட்டி), அதில் உங்களை உறுத்தியது எது, என்ன நடந்தால் நீங்கள் இங்கே தொடர்ந்து எழுதுவீர்கள். மூன்றாவதுக்கு "அவன் போகணும்" என்று பதில் வந்தால் ஒரு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் அதே பதில் என்றால் பேச்சு இங்கே வேலை செய்யாது, வேறு வழிக்குப் போகலாம்.

செலவு? உங்கள் தூக்கம். ஒரு சண்டைக்கு ஆளுக்கு ஒரு மணித்தியாலம் பேசினால் போதுமென்று தொடங்குவீர்கள், அப்புறம் ராத்திரி பன்னிரண்டுக்கு "அண்ணா முழிச்சிருக்கீங்களா" என்று மெசேஜ் வரும். அதனால் கெடு வையுங்கள், நான் சொல்வது ஒரு வாரம். இன்னொரு செலவு, நீங்கள் தபால்காரராவது. "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்கும்போது ஒருவர் சொன்னதை அப்படியே மற்றவரிடம் சொல்ல வேண்டாம், ஒத்துக்கொண்ட விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். உங்கள் தனி மெசேஜும் ஸ்க்ரீன்ஷாட்டாக வெளியே போகும் என்று நினைத்தே எழுதுங்கள். ஒருவரிடம் "அவர் கொஞ்சம் அப்படித்தான்" என்று எழுதின ஒரு வரி போதும், உங்கள் நடுநிலை அன்றோடு முடிந்தது.

## மூவர் குழு

நம் நாட்டில் இதற்கு ஒரு மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகளில் இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்கிறார்கள், அந்த இருவரும் சேர்ந்து தலைவராக மூன்றாமவரைத் தெரிவு செய்கிறார்கள். வக்கீல் வைக்க முடியாது. சபை தீர்ப்புத் திணிப்பதில்லை, இணக்கம் வந்தால் இணக்கச் சான்றிதழ், வராவிட்டால் இணங்காச் சான்றிதழ். வேலி, கடன், கைகலப்பு என்று ஊரில் எத்தனையோ விஷயம் அங்கேதான் போகிறது.

இதைச் சர்வருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஒரு மாற்றத்தோடு: தலைவராக வருகிறவர் முடிந்தால் வேறு சர்வர் அட்மினாக இருக்கட்டும். ஆளுக்கொருவரைத் தானே தெரிவு செய்திருப்பதால் "அட்மின் அவன் பக்கம்" என்ற பேச்சு அடங்கும். வக்கீல் இல்லை என்பதையும் கடைப்பிடியுங்கள், இல்லாவிட்டால் பையனுக்காகப் பேச அவனுடைய மூன்று கூட்டாளிகள் வந்து நிற்பார்கள்.

ஆனால் இருபத்தைந்து பேரில் எந்தப் பக்கமும் சாயாத ஆளைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. மூன்று பேருக்குத் தெரிந்தது முப்பது பேருக்குத் தெரியும். மூன்று பேருடைய நேரமும் ஒத்துவர வேண்டும், அதிலும் ஒருவர் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவராக இருந்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். இரண்டு பேருடைய சண்டைக்கு இது அதிகம். இரண்டு கோஷ்டி முட்டிக்கொள்ளும்போது, இல்லையென்றால் அட்மினையே நம்பாத நிலை வரும்போது, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

## எல்லோரையும் கேட்டு வாக்கெடுப்பது

ஜனநாயகமாகத் தெரியும், அட்மினுக்கும் பழி வராது, அதனால் புது அட்மின்கள் இதில்தான் போய் விழுகிறார்கள். இதன் கதை பழையது. கலிபோர்னியாவில் ஸெரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990இல் லாம்ப்டாமூ என்ற எழுத்து உலகத்தைத் தொடங்கினார். அங்கே அட்மின்களை மந்திரவாதிகள் என்பார்கள். 1992 டிசம்பரில் அவர்கள், இனித் தொழில்நுட்ப வேலை மட்டும்தான் எங்களுக்கு, ஆட்களின் சண்டையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கினார்கள். அடுத்த வருடமே ஒரு ப்ளேயர் ஒரு நிரலை வைத்து, மற்றவர்களின் கேரக்டர்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாவதுபோல எல்லோருக்கும் முன்னால் எழுத்தில் ஓட்டினார். கூட்டம் போட்டார்கள், மணிக்கணக்கில் விவாதித்தார்கள், முடிவு வரவில்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி தனியாக அந்தக் கணக்கை அழித்தார். அந்த ஆள் வேறு பெயரில் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு மனுவும் வாக்கெடுப்புமாக ஒரு முறை கொண்டுவரப்பட்டது, 1996இல் மந்திரவாதிகள் மறுபடியும் நாங்களே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்று அறிவித்தார்கள்.

அது பெரிய உலகம், பெரும்பாலும் முகம் தெரியாதவர்கள். நம்முடைய சர்வரில் வாக்கெடுப்பு என்றால் யாருக்குக் கூட்டாளி அதிகம் என்று எண்ணுவதுதான். தோற்றவருக்கு இத்தனை பேர் என்னை வேண்டாமென்றார்கள் என்று எண்ணிக்கையோடு தெரியும், யார் யார் என்று ஊகிக்கவும் முடியும், அவர்களில் இரண்டு பேர் அவரோடு ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். ஆளைப் பற்றி ஒருபோதும் வாக்கெடுக்காதீர்கள். விதியைப் பற்றி எடுக்கலாம்: லைன் போனால் 24 மணி நேரமா 48 மணி நேரமா, கேரக்டர் சாவுக்கு இரண்டு பக்கச் சம்மதம் வேண்டுமா. இதற்கெல்லாம் வாக்கெடுப்பு நல்லதே, அடுத்த சண்டையில் "விதி யார் போட்டது?" என்று ஒருவரும் கேட்க முடியாது.

## கதைக்குள்ளேயே தீர்ப்பது

கொள்ளைத் தலைவனைப் பிடித்து அரசவையில் விசாரிப்பது, சாபம் கொடுப்பது, மலையிலிருந்து தள்ளுவது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே எழுதினால் அருமையான அத்தியாயம் கிடைக்கும். கோபத்தோடு இருப்பவருக்கு அது எல்லோருக்கும் முன்னால் கொடுக்கிற தண்டனை. பேசித் தீர்த்த பிறகு, இரண்டு பேரும் கேட்டால், செய்யுங்கள்.

## பிரித்து வைப்பது

இருவரும் ஒருவர் காட்சியில் ஒருவர் எழுத மாட்டார்கள், ஒருவர் வடக்குக் கோட்டை, மற்றவர் துறைமுகம். பலரும் இதைக் கோழைத்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, தற்காலிகமாக நன்றாகவே வேலை செய்யும். மாதக்கணக்கில் நீண்டால்தான் சிக்கல், கதை எழுதுகிறவர் ஒவ்வொரு காட்சிக்கும் யார் யாரோடு பேச மாட்டார் என்று கணக்குப் பார்க்க வேண்டிவரும், கல்யாண வீட்டுப் பந்தியில் ஆள் உட்கார வைக்கிற மாதிரி.

| வழி | வேகம் | இரகசியம் | மறைந்திருக்கும் செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| அட்மின் தீர்ப்பு | அன்றைக்கே | ஓரளவு | பக்கச்சார்புப் பேச்சு, தடையானால் ஆளிழப்பு | தெளிவான விதி மீறல் |
| தனித்தனிப் பேச்சு | சில நாள் | நன்று | அட்மினின் நேரமும் தூக்கமும் | இருவருக்குள் மனத்தாங்கல் |
| மூவர் குழு | வாரங்கள் | குறைவு | நடுநிலை ஆள் கிடைக்காமை | கோஷ்டிச் சண்டை |
| வாக்கெடுப்பு | ஓரிரு நாள் | இல்லை | தோற்றவரின் அவமானம் | விதிகளுக்கு மட்டும் |
| கதைக்குள் | கதையைப் பொறுத்து | இல்லை | தண்டனையாக மாறும் அபாயம் | சமாதானத்துக்குப் பிறகு |
| பிரித்து வைப்பது | உடனே | நன்று | நீண்டால் கதை கட்டுப்படும் | சூடு ஆறும்வரை |

## இந்த அட்டவணைக்குள் வராதவை

மிரட்டல், ஒருவருடைய நிஜப் படத்தையோ வீட்டு விலாசத்தையோ போடுவது, பதினெட்டு வயதாகாதவரிடம் பாலியலாகப் பேசுவது. இதற்கெல்லாம் எந்த வழி என்று யோசிக்கவே வேண்டாம். முதலில் ஸ்க்ரீன்ஷாட், அப்புறம் தடை, அதே நாளில். பாதிக்கப்பட்டவரையும் செய்தவரையும் பேச வைத்துச் சமாதானம் பண்ணப் பார்ப்பது கொடுமை, "நம்ம ஊர்ப் பையன்தானே" என்று யார் வந்து சொன்னாலும் சரி. சிறுவர் சம்பந்தப்பட்டது என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது, பொலிஸுக்கு 119. டிஸ்கோர்டில் கணக்கு வைக்கவே 13 வயது ஆக வேண்டும், உங்கள் சர்வரில் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நினைத்தே நடத்துங்கள்.

## அட்மினே ஒரு கட்சியானால்

கொள்ளைத் தலைவன் கேரக்டர் உங்களுடையதாக இருந்தால்? மேலே உள்ள ஆறில் முதல் இரண்டும் உங்களுக்குக் கிடையாது, தீர்ப்பும் சொல்ல முடியாது, நடுவில் நின்று பேசவும் முடியாது. டிஸ்கோர்டில் சர்வர் உரிமையாளரை எந்த மொடரேட்டரும் தடை செய்யவோ டைம்அவுட் போடவோ வழியில்லை, ஆகவே உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த வாக்கு மட்டும்தான். விதிகள் சேனலில் இரண்டு வரி போதும்: "அட்மின் சம்பந்தப்பட்ட சண்டையை இன்னார் விசாரிப்பார். அவர் சொல்வதை அட்மின் ஏற்பார், விசாரணை முடியும்வரை யாரையும் தடை செய்யமாட்டார்." அந்த இன்னார் உங்களோடு அடிக்கடி சேர்ந்து எழுதாதவராக, முடிந்தால் உங்களைவிட வயதில் மூத்தவராக இருப்பது நல்லது. சண்டை எதுவும் இல்லாத ஒரு நாளில் அவர் பெயரைப் போட்டுவிடுங்கள், சண்டை தொடங்கின பிறகு யாரைப் போட்டாலும் உங்கள் ஆள் என்றுதான் சொல்வார்கள்.